லீவரை மிதக்க விடுவதா, படிய வைப்பதா, அடைத்து விடுவதா?

போன மாதம் உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கம்பிகளின் சுருதியை ஆட்டும் லீவர் உள்ள ஸ்ட்ராட் வகைக் கிற்றார், வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. "அண்ணா, லீவரை ஒருக்கா அமத்தி விட்டா ஆறு கம்பியும் ஆறு பக்கம் போகுது. இதைக் கழட்டிப் போட்டுட்டு வாசிக்கட்டா?" என்று கேட்டான். "அவசரப்படாத. முதல்ல பின்மூடியைத் திறந்து பாப்பம்" என்றேன்.

பின்மூடியைத் திறக்கும் முன்பே காரணம் தெரிந்துவிட்டது. கம்பிகளை உடல் பக்கத்தில் தாங்கும் பிரிட்ஜின் பின்பக்கம் உடலை விட்டு ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தூக்கி நின்றது. கடையில் வந்த 9-42 கம்பிகளை (மிக மெல்லிய கம்பியின் கனமும் மிகத் தடித்ததின் கனமும், அங்குலத்தில் ஆயிரத்திலொன்று கணக்கில்) கழற்றிவிட்டு, சத்தம் கனமாக வரட்டும் என்று 10-46 கட்டைப் போட்டிருக்கிறான். 25.5 அங்குல நீளம் உள்ள கிற்றாரில் வழமையான சுருதிக்கு ஏற்றினால் 9-42 கம்பிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுவை கொடுக்கும். 10-46 என்றால் அது 47 கிலோ வரை போகும். பின்னால் இருக்கும் மூன்று ஸ்பிரிங்குகளோ பழைய கம்பிக்குக் கட்டிய நிலையிலேயே இருந்தன. சித்திரை வருடப்பிறப்புக் கயிறிழுத்தலில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு ஆள் கூடுதலாக வந்து நின்றால் என்ன நடக்குமோ, அதுதான் அங்கே நடந்திருந்தது.

இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் இருக்கின்றன. பிரிட்ஜை மிதக்க விடலாம், உடலோடு படிய வைக்கலாம், மரக்கட்டை வைத்து முழுதாக அடைத்துவிடலாம். திருகோணமலையில் கிற்றார் வாசிக்கும் பிள்ளைகள் பலர் இதில் எதையும் தாங்களாகத் தெரிவு செய்வதில்லை. கடையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வாசிக்கிறார்கள், சுருதி நிற்காதபோது தங்கள் காதைத்தான் சந்தேகிக்கிறார்கள். எனக்கு அதுதான் கவலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டபோது இந்தப் பொறியும் அதோடு வந்தது. அதற்கு அவர்கள் வைத்த ட்ரெமலோ என்ற பெயர் பொருத்தமில்லாதது. ட்ரெமலோ என்றால் ஒலியின் அளவு கூடிக் குறைவது. லீவரை அசைக்கும்போது மாறுவது சுருதி, அதற்கு வைப்ரேட்டோ என்று பெயர். பெயர் பிழையானாலும் உலகம் முழுவதும் அப்படியே ஒட்டிக்கொண்டது. பொறியின் வேலை எளிது. பிரிட்ஜ் தகட்டின் முன்விளிம்பு ஆறு திருகாணிகளில், அல்லது புதிய கிற்றார்களில் இரண்டு தூண்களில், ஊஞ்சல் போல ஆடும். தகட்டுக்குக் கீழே ஒரு கனமான உலோகக் கட்டை தொங்கும். கம்பிகள் தகட்டை முன்பக்கம் சாய்க்கப் பார்க்கும். அந்தக் கட்டையில் கொளுவிய ஸ்பிரிங்குகள் அதைத் திரும்ப இழுக்கும். ஸ்பிரிங்குகளின் மறுமுனை நகம் போன்ற ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். அந்தத் தகட்டை இரண்டு நீளத் திருகாணிகள் மரத்தோடு பிடித்திருக்கும். நாம் சரிபார்ப்பது முக்கியமாக அந்த இரண்டு திருகாணிகளைத்தான்.

முதலில் மிதக்கும் நிலை. ஃபெண்டர் நிறுவனம் சொல்லும் அளவு, சுருதி சேர்த்த பிறகு பிரிட்ஜின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையில் அங்குலத்தில் எட்டிலொன்று, அதாவது 3.2 மில்லிமீற்றர். அளவுகோல் இல்லையென்றால் நான்கு ஏ.டி.எம். அட்டைகளை அடுக்கி வைத்துப் பாருங்கள். ஒரு அட்டையின் கனம் 0.76 மில்லிமீற்றர், நான்கு சேர்ந்தால் மூன்றுக்குச் சற்று மேல் வரும். இந்த நிலையில் லீவரை அமத்தினால் சுருதி இறங்கும், தூக்கினால் ஏறும். நன்றாக அமைத்த பிரிட்ஜில் லீவரை முழுதாகத் தூக்கும்போது ஜி கம்பி மூன்று ஃப்ரெட் (ஒரு ஃப்ரெட் என்றால் அரைக் கட்டை) அளவும், பி கம்பி இரண்டு ஃப்ரெட் அளவும், மெல்லிய ஈ கம்பி ஒரு ஃப்ரெட் அளவும் ஏறும்படி பலர் வைத்துக்கொள்வார்கள். ஒரே அசைவுக்கு ஒவ்வொரு கம்பியும் வெவ்வேறு தூரம் நகரும் என்பதை இங்கே கவனியுங்கள்.

இதன் அழகை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். நம் பாட்டுகளில் ஒரு சுரம் தன் இடத்தில் நேராக வந்து நிற்பது குறைவு. மேலிருந்து வழுக்கி வரும், கீழிருந்து ஏறித் தொடும், தொட்டுவிட்டு ஆடும். மிதக்கும் பிரிட்ஜில் லீவரை உள்ளங்கையில் மெல்லப் பிடித்துக்கொண்டு வாசித்தால் அந்த ஆட்டம் இரண்டு பக்கமும் கிடைக்கிறது. ஜெஃப் பெக், கம்பியை மீட்டும் பிக் துண்டு இல்லாமல், விரலும் லீவரும் வைத்துக் கிற்றாரைப் பாட வைத்தவர். அவர் வாசித்ததை ஒருமுறை கேட்டவர்களுக்கு மிதக்கும் பிரிட்ஜின் மேல் ஆசை வராமல் இருக்காது. எனக்கும் வந்தது. ஏழெட்டு வருடம் நான் மிதக்க விட்டுத்தான் வாசித்தேன்.

அப்புறம் ஒரு திருவிழா இரவு. கோயில் வீதியில் மேடை, இரண்டாவது பாட்டு, நடுவில் பி கம்பி அறுந்தது. மிதக்கும் பிரிட்ஜில் ஒரு கம்பி போனால் அந்தக் கம்பியின் இழுவையும் போய்விடும். ஸ்பிரிங்குகள் வெல்லும், மீதி ஐந்து கம்பிகளும் மேலே ஏறிவிடும். பக்கத்தில் கீபோர்ட் சரியான சுருதியில் போய்க்கொண்டிருக்க, நான் எந்தக் கம்பியைத் தொட்டாலும் அபசுரம். கையில் வேறு கிற்றார் இல்லை. பாட்டு முடியும் வரை கம்பிகளை உள்ளங்கையால் அடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

கம்பி அறுவது எப்போதாவது நடப்பது என்று விட்டாலும், மற்றச் சங்கடங்கள் ஒவ்வொரு நாளும் வரும். ஒரு கம்பியை வளைத்து மேலே ஏற்றினால் பிரிட்ஜ் முன்னே சாய்ந்து மற்றக் கம்பிகள் இறங்கும். ஒரு கம்பியை வளைத்துக்கொண்டே பக்கத்துக் கம்பியைச் சேர்த்து வாசித்தால் அது காதில் குத்தும். வலக் கையை பிரிட்ஜ் மேல் கொஞ்சம் பாரமாக வைத்தாலே சுருதி ஏறிவிடும். இன்னொன்று, நம்மூர் மேடைக்கே உரியது. பாடகருக்குத் தொண்டை சரியில்லை, "அரைக் கட்டை குறைச்சு வாசியுங்கோ" என்பார். ஆறு கம்பியையும் இறக்கினால் இழுவை குறைந்து பிரிட்ஜ் பின்னே சாயும், முதலில் இறக்கிய கம்பி மறுபடி ஏறியிருக்கும். நாலைந்து சுற்றுச் சுருதி சேர்த்தால்தான் நிற்கும். அறிவிப்பாளர் பேசி முடிக்கும் நேரத்துக்குள் அது முடியாது.

இரண்டாவது வழி, படிய வைப்பது. பின்திருகாணிகளை இறுக்கி ஸ்பிரிங்குகளின் இழுவையைக் கூட்டினால் பிரிட்ஜின் பின்விளிம்பு உடலோடு ஒட்டிப் படுத்துக்கொள்ளும். லீவரை அமத்தலாம், தூக்க முடியாது. இழப்பு அது ஒன்றுதான். அதற்குப் பதிலாகக் கிடைப்பவை நிறைய. கம்பியை வளைத்தால் மற்றவை அசையாது. ஒன்று அறுந்தால் மற்ற ஐந்தும் நின்ற இடத்தில் நிற்கும், பாட்டை முடிக்கலாம். தடித்த ஈ கம்பியை மட்டும் டி சுருதிக்கு இறக்கலாம். அரைக் கட்டை குறைப்பது ஒரே சுற்றில் முடியும். லீவரை விட்டதும் பிரிட்ஜ் வந்து முட்டி நிற்க ஒரு நிலையான இடம் இருப்பதால் திரும்பி வரும் சுருதியும் நம்பத்தகுந்தது. லீவரை வைத்து அத்தனை வித்தை காட்டிய எடி வான் ஹேலனே பிரிட்ஜை உடலோடு படிய வைத்து, கீழே அமத்த மட்டும்தான் விட்டிருந்தார். இதை அந்தத் தம்பிக்குச் சொன்னபோது அவன் நம்பவில்லை. படிய வைத்தால் லீவர் வீண் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் கவனம் வேண்டும். கூட இறுக்கினால் லீவர் கல்லாகிவிடும், மென்மையான அசைவே வராது. குறைவாக இருந்தால் கம்பியை வளைக்கும்போது பிரிட்ஜ் தூக்கும். நான் செய்வது இதுதான்: ஒரு பஸ் டிக்கெட்டை பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே செருகுவேன். ஜி கம்பியை இரண்டு ஃப்ரெட் அளவுக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டு டிக்கெட்டை இழுப்பேன். வழுக்கி வந்தால் இரண்டு திருகாணிகளுக்கும் இன்னும் கால் சுற்று. வராமல் பிடித்துக்கொண்டால் அங்கேயே நிறுத்திவிடுவேன். 9-42 கம்பிக்கு மூன்று ஸ்பிரிங் பெரும்பாலும் போதும். 10-46 என்றால் நான்கு போடுவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் மூன்றை எல்லை வரை இழுத்து வைப்பதைவிட நான்கைத் தளர்வாக வைத்தால் திருகாணிக்கும் மரத்துக்கும் பாரம் குறையும். உடலோடு ஒட்டியிருப்பதால் ஒலி நீண்டு நிற்கும் என்றும் சொல்வார்கள். என் காதுக்கு அந்த வித்தியாசம் சிறிதுதான். அதற்காக மட்டும் படிய வைக்கச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, அடைப்பது. கிற்றார் கலைஞர் எரிக் கிளாப்டன் இப்படித்தான் வைத்திருக்கிறார், ஐந்து ஸ்பிரிங்கும் ஒரு மரக்கட்டையும். பிரிட்ஜை முதலில் படிய வைத்துவிட்டு, உலோகக் கட்டைக்கும் குழியின் பின்சுவருக்கும் இடையில், அதாவது ஸ்பிரிங்குகள் இல்லாத பக்கத்தில், அளவாகச் சீவிய மரத்துண்டை இறுக்கமாகச் செருக வேண்டும். பசை வேண்டாம், பிறகு மனம் மாறினால் எடுக்கலாம். லீவரை ஒரு நாளும் தொடாதவர்களுக்கு இது நல்லது. தேவாலயப் பாடல் குழுவில் கோர்ட் மட்டும் வாசிக்கும் ஒரு பிள்ளைக்கு நானே இப்படி அடைத்துக் கொடுத்திருக்கிறேன். இதற்கு மேல் இதில் சொல்ல எதுவும் இல்லை.

ஃபிளாய்ட் ரோஸ் பற்றியும் கேட்பார்கள். நட்டிலும் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பள்ளங்கள் உள்ள துண்டு) பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டிவிடும் வகை அது. லீவரை எவ்வளவு முரட்டுத்தனமாக ஆட்டினாலும் சுருதி நிற்பதில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் கம்பி மாற்ற ஆலன் சாவிகளும் பொறுமையும் வேண்டும், மேடையில் கம்பி அறுந்தால் இரண்டு நிமிடத்தில் மாற்ற முடியாது. முதல் கிற்றாராக அதை வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சரி, இந்தத் தெரிவில் ஊருக்கு என்ன பங்கு என்று கேட்டால், நிறையவே இருக்கிறது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஊர். உப்புக் காற்று கம்பியை விடுவதில்லை. நிலாவெளிக் கடற்கரை ஹோட்டல்களில் சீசனுக்கு வாசிப்பவர்கள் ஒரு கம்பிக் கட்டைப் போட்டு மூன்று வாரத்தில் துருவைப் பார்க்கிறார்கள். துருப்பிடித்த கம்பி சீக்கிரம் அறும், நட்டிலும், பிரிட்ஜின் மேல் கம்பி தங்கும் சேடிலிலும் வழுக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் காய்கிறது, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரத்தை இழுக்கிறது. கழுத்து கொஞ்சம் அசைந்தாலும் கம்பியின் இழுவை மாறும். மிதக்கும் பிரிட்ஜ் அந்த மாற்றத்தை உடனே ஆறு கம்பிக்கும் பரப்பிவிடும். படிந்த பிரிட்ஜில் மாற்றம் அந்தந்தக் கம்பியோடு நின்றுவிடும். வெயில் பட்ட மேடையில் கம்பி சூடாகிச் சுருதி இறங்குவதும் இப்படித்தான். ஒரே ஒரு கிற்றாரோடு மேடையேறுகிறவர் என்றால், இந்த ஊரில் படிய வைப்பதுதான் சரி என்று நான் உறுதியாகச் சொல்வேன். வீட்டில் பதிவு செய்கிறவர், அல்லது இரண்டாவது கிற்றார் வைத்திருப்பவர், தாராளமாக மிதக்க விடட்டும்.

கமகத்துக்கு லீவர் இல்லாமல் முடியாதே என்று ஒருவர் வாதாடினார். மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவருடைய மின் மாண்டலினில் லீவரே கிடையாது. அந்தக் கமகம் எல்லாம் விரலிலிருந்து வந்தது. லீவர் கொடுக்கும் ஆட்டம் வேறு, விரல் கொடுக்கும் ஆட்டம் வேறு, இரண்டும் வேண்டும். ஆனால் மேலே ஏற்றும் வேலையை விரலுக்குக் கொடுத்து, இறக்கும் வேலையை லீவருக்குக் கொடுத்தால் படிந்த பிரிட்ஜிலேயே பெரும்பகுதி வந்துவிடும்.

எந்த நிலையைத் தெரிவு செய்தாலும், குற்றம் பல நேரம் நட்டில்தான் இருக்கும். லீவரை அமத்தி விட்ட பிறகு ஒரு கம்பி சுருதிக்கு மேலே நிற்கிறது என்றால், அது நட்டில் சிக்கியிருக்கிறது. தளர்ந்தபோது பின்னால் நகர்ந்த கம்பி முன்னால் வர முடியாமல் நிற்கிறது. ட்யூன் செய்யும்போது "டிக்" என்று சத்தம் கேட்டாலும் அதுதான். கம்பியைத் தளர்த்தி, நட்டின் பள்ளத்தில் 2பி பென்சிலால் கரியை நன்றாகப் பூசுங்கள். ஆறு திருகாணி வகையில் தலைகள் தகட்டை அமுக்கிப் பிடித்திருக்கக் கூடாது. மயிரிழை இடைவெளி இருந்தால்தான் தகடு ஆடும். இரண்டு தூண் வகையில் தூண்களைக் கம்பி முழு இழுவையில் இருக்கும்போது திருக வேண்டாம், கத்திமுனை போன்ற விளிம்பு மழுங்கிவிடும். அந்த விளிம்பில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் துருவும் தள்ளி நிற்கும். பின்குழியில் நகத் தகட்டில் ஒரு வயர் ஈயம் வைத்து ஒட்டியிருக்கும். அதை அறுத்துவிட்டால் ஆம்பில் இரைச்சல் தொடங்கும், கவனம்.

லீவருக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். துளைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும் லீவரால் நுணுக்கமான அசைவு வராது, கை நகர்ந்த பிறகுதான் பிரிட்ஜ் நகரும். குழாய் மூட்டுக்குச் சுற்றும் வெள்ளை டேப் எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். லீவரின் புரியில் அதை இரண்டு சுற்று, புரி செல்லும் திசையிலேயே சுற்றித் திருகினால் ஆட்டம் நின்றுவிடும், விட்ட இடத்திலும் லீவர் நிற்கும். சில கிற்றார்களில் துளையின் அடியில் போட ஒரு குட்டி ஸ்பிரிங் வரும். அதைத் தொலைத்துவிடாதீர்கள். லீவர் தொலைந்து வேறு வாங்கப் போனால் பழைய பிரிட்ஜைக் கையில் கொண்டு போவது நல்லது. அமெரிக்கக் கிற்றார்களின் புரி அங்குல அளவு, ஆசியாவில் செய்தவை பெரும்பாலும் மில்லிமீற்றர் அளவு. பொருந்தாததைப் பலவந்தமாகத் திருகினால் துளையின் புரியே போய்விடும். பஸ்ஸில் கொழும்புக்குப் போகும்போது லீவரைக் கழற்றிப் பையின் சின்னப் பொக்கட்டில் போடுங்கள். பைக்குள் லீவர் வளைந்து புரியில் முறிந்தால், உள்ளே நின்ற துண்டை எடுக்கத் துளையிடும் மெஷின்தான் தேவைப்படும். நீளமும் கைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மோர் லீவரை வெட்டிக் குட்டையாக்கி வைத்திருந்தார், அப்போதுதான் பிக் பிடித்த விரல்களுக்கு அருகிலேயே அது இருக்கும்.

தம்பியின் கிற்றாருக்கு வருகிறேன். சனிக்கிழமைகளில் கலியாண வீடு, ஆடி ஆவணியில் கோயில் மேடைகள், ஒரே கிற்றார். "படிய வைப்பமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "மேல தூக்கேலாதே அண்ணா" என்றான். "விரலால தூக்கு" என்றேன். 10-46 கம்பிகளை விடமாட்டேன் என்று நின்றான், சரி என்று நாலாவது ஸ்பிரிங்கைக் கொளுவினேன். கம்பிகளைத் தளர்த்தி, இரண்டு திருகாணிகளுக்கும் இரண்டு முழுச் சுற்று, மறுபடி சுருதி, டிக்கெட் சோதனை, இன்னும் கால் சுற்று. நட்டில் பென்சில் கரி, லீவரில் வெள்ளை டேப். ஆறு கம்பியையும் கையால் இழுத்து இழுத்து நீட்டிச் சுருதி சேர்த்தோம், மூன்று தடவை.

பிறகு அவனையே லீவரை அமத்தச் சொன்னேன். அமத்தினான், விட்டான், ட்யூனரைப் பார்த்தான். ஜி கம்பி மட்டும் மயிரளவு மேலே நின்றது. நட்டில் அந்த ஒரு பள்ளத்துக்கு இன்னும் கொஞ்சம் கரி போட்டோம். இரண்டாவது தடவை விட்டபோது முள் நடுவில் வந்து நின்றது. அவன் ஒன்றும் சொல்லாமல் இன்னும் பத்துத் தடவை அமத்தி அமத்திப் பார்த்துக்கொண்டே இருந்தான்.